கையெழுத்துப் போடாத நாட்டில் என் மகள்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வார்டில் கேக் வெட்டினார்கள். மார்கரெட்டின் பேரன் திரும்பி வந்துவிட்டான்.

மார்கரெட் என்னோடு பல வருடமாக வேலை பார்க்கும் நர்ஸ். அவள் மகள் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கட்டிக்கொண்டு, ஒத்துவராமல் பிரிந்து, நாலு வயதுப் பையனோடு தாய் வீட்டில் இருக்கிறாள். ஈஸ்டர் லீவுக்கு அப்பனோடு பாரீஸ் போன பையனை அவன் திருப்பி அனுப்பவில்லை. மார்கரெட் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் லண்டனில் ஒரு ஆபீசுக்கு எழுதினார்கள். லண்டன் ஆபீஸ் பாரீஸில் இருக்கும் ஆபீசுக்கு எழுதியது. அங்கே ஒரு நீதிபதி, "பையன் எந்த நாட்டில் வசித்துவந்தான்? இங்கிலாந்தா? அப்படியானால் அங்கே கொண்டு விடு. உங்கள் சண்டையை அங்கே போய் வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டாராம். ஆறே வாரம். பையன் சாக்லேட் தின்றுகொண்டு விமானத்தில் வந்து இறங்கிவிட்டான்.

கேக் துண்டை என் கையில் கொடுத்துவிட்டு மார்கரெட் சொன்னாள். "தனா, இது புதுச் சட்டமாம். நாடுகளெல்லாம் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். உன் பெண்ணுக்கும் நீ எழுதிப் போடேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கேக்கை முழுதாகத் தின்றேன். நன்றாக வேறு இருந்தது.

அந்த ஒப்பந்தத்தை அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஹாலந்தில் ஹேக் என்ற ஊரில் எண்பதாம் வருடம் எழுதியது. இங்கிலாந்து சேர்ந்தது எண்பத்தாறில். எந்தெந்த நாடு கையெழுத்துப் போட்டிருக்கிறது என்ற பட்டியல் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. பிரான்ஸ் இருக்கிறது. போர்த்துகல் இருக்கிறது. இந்தியா இல்லை. என் மகள் மலர் உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அப்பாவோடு அவள் அத்தை வீட்டில் இருக்கிறாள். போகும்போது வயது ஐந்து. இப்போது ஒன்பது.

2

எனக்குச் சொந்த ஊர் குன்னத்துக்குப் பக்கம். பருத்தியும் சோளமும் வெங்காயமும் விளையும் வானம் பார்த்த பூமி. திருச்சியில் நர்சிங் படித்து எழுபத்து மூன்றில் இங்கே வந்தேன். மூன்று வருடம் கழித்து ராஜேந்திரனைக் கட்டிவைத்தார்கள். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். நானும் சொல்லாமல்தான் இருந்தேன். கோர்ட்டில் கூண்டில் ஏற்றி, "பெயரைச் சொல்லுங்கம்மா, சத்தமாச் சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லி இப்போது பழகிவிட்டது.

கோர்ட்டில் நான் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் இல்லை. இங்கே வந்து ஒரு தொழிற்சாலையில் மெஷினில் நின்றார். எண்பத்தொன்றில் அதை மூடிவிட்டார்கள். அதன் பிறகு மலரைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும், நான் டியூட்டி முடிந்து வருவதற்குள் சோறு வடிப்பதும் அவர் வேலை ஆயிற்று. ஊரிலிருந்து வந்த ஒருத்தர் வாய் சும்மா இருக்காமல், "மாப்ள, நல்லாத்தான் பொங்கிப் போடுறீங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டேன்.

மலருக்குக் காது குத்த வேண்டும் என்று மாமனார் எழுதிக்கொண்டே இருந்தார். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, கிடா வெட்டி, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தாத பிள்ளையைப் பிள்ளையாகவே எங்கள் பக்கம் சேர்க்க மாட்டார்கள். வைகாசியில் நாள் பார்த்தார்கள். எனக்கு அதே வாரத்தில், வார்டு முழுவதுக்கும் பொறுப்பான சிஸ்டர் வேலைக்கு இன்டர்வியூ. வருடக்கணக்காகக் காத்திருந்த பதவி. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, அண்ணன்தான் இருக்காரே" என்றேன். என் வாயால் நானே சொன்னேன்.

பத்திரிகை அடிக்கும்போது மாமனார் கடிதம் போட்டார். அச்சாபீஸ்காரர், எங்கள் பெயருக்குக் கீழே இங்கிலாந்து என்று போடலாமா என்று கேட்கிறாராம். நாலு பேர் பார்த்தால் கண் படும் என்று மாமனாருக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம்தான். கடல் தாண்டி வந்தாலும் அது மட்டும் போகவில்லை. நான் இப்படிப் பதில் எழுதினேன்:

"லண்டன் கிண்டன் என்று எதுவும் போட வேண்டாம் மாமா. உங்கள் ஊர்ப் பெயரையே போடுங்கள். மலர் நம்ம ஊர்ப் பிள்ளையாகவே இருக்கட்டும்."

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது. கல்யாணப் பத்திரிகை, கிரகப்பிரவேசம், சாவுக் காரியம் எதுவானாலும் வாழும் ஊரை மறைத்துப் பிறந்த ஊரைப் போடுவோம். பெருமை பேசுகிறோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, கண்ணும் பட்டுவிடக் கூடாது. அது ஒரு குற்றமா? எனக்கு அது குற்றமாகத்தான் முடிந்தது.

3

இன்டர்வியூவில் தேறினேன். கடைக்குப் போய் மலருக்கு ஒரு சிவப்புக் கோட் வாங்கினேன். சொன்ன நாளில் விமான நிலையத்துக்குப் போய் நின்றேன். எல்லோரும் வந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் வரவில்லை.

பக்கத்துத் தெருவில் போன் இருந்த வீட்டில் உட்கார்ந்து, டிரங்க் காலுக்குப் பதிவு செய்து, அரியலூரில் ஒரு மண்டிக்காரர் கடையில் அவரைப் பிடித்தேன். லைனில் இரைச்சல்.

"எப்ப வர்றீங்க?"

"நான் வரலை. இங்கயே இருந்துர்றேன்."

"மலரு?"

"அதுவுந்தான். பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன். நீ வேணா வேலைய உட்டுட்டு வா. வந்தா வூடு தொறந்துதான் கெடக்கும்."

பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாராம். காது குத்துக்குப் போன பிள்ளையை!

என் அண்ணன் பன்னீர் எழுதிய கடிதம் அடுத்த வாரம் வந்தது. "தனம், எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. கெடா வெட்டு முடிஞ்சு எல்லாரையும் வண்டி ஏத்திவிட்டு வந்தோம். என் மடியில உக்கார வச்சுத்தான் குத்துனாங்க. புள்ள 'வலிக்குது மாமா'ன்னு என் கழுத்தக் கட்டிக்கிச்சு."

வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்காத ஆள் இல்லை. அந்த வருடம் நான்தான் இரண்டு வீட்டுக்கும் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். அதைவிட, மிரட்டி வரவழைத்தால் போகக் கூடாது என்ற பிடிவாதமும் இருந்தது. இதில் எது பெரிது என்று எனக்கே இன்றுவரை தெரியாது.

இங்கே ஒரு வக்கீல் அம்மாளைப் பிடித்தேன். இங்கிலாந்துக் கோர்ட் உத்தரவு போட்டது: பிள்ளையை உடனே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். கெட்டிக் காகிதம், முத்திரை, கையெழுத்து. கையில் வாங்கியதும் பிள்ளையே வந்துவிட்ட மாதிரி அழுதேன். வக்கீல் அம்மாள் என் தோளைத் தட்டிவிட்டு, "தனா, இது இங்கே செல்லும். அங்கே செல்ல வைப்பது அங்கே உள்ள கோர்ட்டின் இஷ்டம்" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. ராணி தேசத்துக் கோர்ட் சொல்வதை ஒரு கிராமத்தான் கேட்காமல் போவானா என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

4

ஊரில் வழக்குப் போட்டு, வாய்தா வாய்தாவாகத் தள்ளி, என் சாட்சிக்கு நாள் குறித்தபோது லீவு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கத்துச் சட்டத்திலும் கேள்வி ஒன்றுதான். இந்தப் பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடம் எது? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதற்கு ஒரு வழக்கா? இங்கிலாந்தில் பிறந்தாள், இங்கே பள்ளிக்கூடம் போனாள், இங்கே தடுப்பூசி போட்டாள். எல்லாவற்றுக்கும் காகிதம் கொண்டுபோயிருந்தேன்.

எதிர்க்கட்சி வக்கீல் காதுகுத்துப் பத்திரிகையை எடுத்தார்.

"இது ஒங்க புள்ளயோட விசேஷப் பத்திரிகதானுங்களே?"

"ஆமாங்க."

"அழைக்கிறவங்க பேருல ஒங்க பேரு இருக்குதுங்களா?"

"இருக்குங்க."

"அதுக்குக் கீழ என்ன ஊரு போட்டிருக்குது? படிங்க."

படித்தேன். அடுத்து என் கடிதத்தை எடுத்தார். மாமனார் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். கெட்ட எண்ணத்தில் இல்லை, நான் எழுதும் எல்லாக் கடிதத்தையும் கம்பியில் கோத்து வைப்பவர் அவர். மகன் உருவிக்கொண்டு போயிருக்கிறார்.

"'மலர் நம்ம ஊர்ப் பிள்ளையாகவே இருக்கட்டும்.' இது ஒங்க கையெழுத்துதானே?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதுனதுங்க. கண்ணு பட்டுரும்னு..."

"யாரு கண்ணும்மா படும்? கோர்ட்டுக் கண்ணா?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது போட்டோ. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, என் அண்ணன் மடியில் மலர். "தாய்மாமன் மொறையா உக்காந்து, சீர் செஞ்சு, புள்ளைய ஊருல ஒப்படைச்சிருக்காரு. தாய் வீட்டுச் சம்மதம் இல்லாமயா இவ்வளவும் நடந்துச்சு?" என்றார். பின் பெஞ்சில் இருந்த அண்ணன் எழுந்து, "அய்யா, அது எங்க மொறைங்கய்யா" என்று கத்தினார். உட்காரச் சொன்னார்கள்.

கேள்வி முடிந்ததும் நான் அந்த வக்கீலைப் பார்த்து "தேங்க் யூ" என்றேன். இத்தனை வருட வெள்ளைக்காரப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. கழுத்தை அறுத்தவனுக்கு நன்றி சொல்கிறாளே என்று என் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நீதிபதி பொறுமைக்காரர். இங்கிலாந்து உத்தரவை முழுதாகப் படித்தார். வெளிநாட்டுத் தீர்ப்பை மதிக்கிறோம், ஆனால் பிள்ளையின் நலன்தான் முக்கியம் என்றார். வேறொரு தாய்க்கு மேல் கோர்ட்டில் சாதகமாகத் தீர்ப்பு வந்திருக்கிறதே என்று என் வக்கீல் சொல்லிப் பார்த்தார். அங்கே தாய் கைப்பட எழுதிய கடிதம் இருந்ததா என்று நீதிபதி கேட்டார். மலரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். பிள்ளை நன்றாக இருக்கிறாள், பள்ளியில் முதலாவதாக வருகிறாள், அத்தை சொந்த மகளாகப் பார்க்கிறாள், இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு வருடத்துக்கு ஒரு வாரம் தாய் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள அனுமதி. அப்பீல் போட்டோம். அது இன்னும் நிலுவையில் கிடக்கிறது.

5

இங்கே மாதம் ஒரு முறை நம்மவர்கள் ஒரு ஹாலில் கூடுவோம். இட்லி, சாம்பார், அதற்குப் பிறகு புலம்பல். என் பையன் தமிழே பேச மாட்டேன் என்கிறான். என் பெண் ரசத்தைப் பார்த்தால் மூக்கைப் பொத்துகிறாள். போன மாதம் ஒருத்தி அழுதே விட்டாள். எல்லோரும் தேற்றினார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. என் பெண் நல்ல தமிழ் பேசுகிறாள். இங்கிலீஷைத்தான் சுத்தமாக மறந்துவிட்டாள். அதற்கு எந்த ஹாலில் போய் அழுவது?

எண்பத்தாறில் அந்த ஒப்பந்தம் இங்கே நடைமுறைக்கு வந்த செய்தியைப் பேப்பரில் பார்த்ததும் டியூட்டி உடையோடு வக்கீல் அம்மாளிடம் ஓடினேன். அவள் பட்டியலை எடுத்துப் போட்டாள்.

"உன் நாடு இதில் இல்லை, தனா."

"நாளைக்குச் சேர்ந்தால்?"

"சேர்ந்த பிறகு கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் செல்லும். பழையதற்குச் செல்லாது."

அப்போதுதான் அவள் இதையும் விளக்கினாள். இந்தச் சட்டத்துக்குத் தாய் பெரிதா, தகப்பன் பெரிதா என்பது பேச்சே இல்லை. பிள்ளை எங்கே வேர் விட்டு வாழ்கிறதோ, அங்கிருந்து யாரும் பிடுங்கிக்கொண்டு போகக் கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிப் பிள்ளை புது இடத்தில் ஊன்றிவிட்டால், அதையும் யோசிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறதாம். நல்ல சட்டம்தான். யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். எங்கள் மாதிரி ஆட்களுக்கு மட்டும் எழுதவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். "நானே போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால்?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்படிச் செய் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இந்த மண்ணில் கால் வைத்துவிட்டால், இந்தக் கோர்ட் உத்தரவு உன் பக்கம்தான் இருக்கிறது."

6

மார்கரெட்டிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இந்தப் பொங்கல் லீவில் நான் மலரைத் தூக்கினேன்.

திட்டம் போட்டது அண்ணன். "அவன் செஞ்சத நீ செய்யி தனம். எம் மடியில வச்சு நடந்த துரோகம் அது. எங்கையாலயே ஒன்னைய பஸ் ஏத்தி உடுறேன்" என்றார். மதராஸிலிருந்து இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். மலரின் பெயர் என் பாஸ்போர்ட்டில் இருந்தது. அந்த ஒரு வார அனுமதியில் ஐந்து நாள் தாய் வீட்டில் இருந்தோம். ஆறாம் நாள் காலை, மலைக்கோட்டை காட்டுகிறேன் என்று சொல்லி அழைத்துக்கொண்டு, பெரம்பலூரில் திருச்சி பஸ் ஏறினேன். அண்ணன் பெட்டியை ஏற்றிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

மலர் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, இரண்டு காதிலும் சின்னத் தோடு. அந்தத் தோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆகும். முதலில் நன்றாகப் பேசினாள். பிறகு காலடியில் இருந்த பெட்டியைக் கவனித்தாள்.

"மலைக்கோட்டைக்கு எதுக்குப் பெட்டி?"

"சும்மாதான் கண்ணு. மாத்துத் துணி."

"திங்கக்கெழம நான் வூட்டுல இருக்கணும். அத்தைக்குக் கண்ணுக்கு மருந்து ஊத்த அரியலூரு போவணும். அதுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிருவாங்க. பஸ்ஸு போர்டு நாந்தான் பாத்துச் சொல்லுவேன். நான் இல்லேன்னா அது செயங்கொண்டம் பஸ்ஸுல ஏறி ஒக்காந்துரும்."

"வேற யாராச்சும் பாத்துக்குவாங்க."

"வேற யாரு?"

பெட்டியைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். பஸ் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"லண்டனுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"அம்மா கூட இருக்கலாம்டா. அங்க ஒன் பள்ளிக்கூடம், ஒன் ரூமு எல்லாம் அப்டியே இருக்கு. ஒனக்கு ஞாபகம் இல்லையா?"

"இருக்கு" என்றாள். "அங்கேருந்து வரப்ப அப்பாவும் இப்டித்தான் சொன்னாங்க. காது குத்திட்டு வந்துரலாம்னு சொன்னாங்க. நான் ஒங்களக் கேட்டு ரொம்ப நாளு அழுதேன். அத்தைதான் கூடப் படுத்துக்கிச்சு. இப்ப அத்தையக் கேட்டு அழுவணுமா?"

எத்தனையோ வக்கீல்கள் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லையே என்று எத்தனை நாள் சபித்திருக்கிறேன்! போட்டிருந்தால், ஊன்றிய இடத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்காதே என்று அது இன்றைக்கு என்னைத்தான் தடுத்து நிறுத்தும். தடுக்க அங்கே யாரும் இல்லை. கண்டக்டர் பாடாலூர் என்று கத்தினார்.

"எறங்கணுங்க" என்றேன்.

"திருச்சிக்குல்லம்மா சீட்டு வாங்குனீங்க?"

"எறங்கணும்."

பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினேன். திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். ரோட்டில் லாரிகள் வந்துகொண்டே இருந்தன. மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரத்தில் அவளாக என் கையைப் பிடித்தது அப்போதுதான். கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பாத்து வாங்க, பாத்து வாங்க" என்று என்னை ரோட்டைக் கடக்க வைத்தாள். அந்தப் பக்கம் போனதும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருக்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

பஸ் உடனே வந்துவிட்டது.